‘டிவி பங்கே படுத்துவிட்டது, பையனை அங்கே அனுப்பலாமா?’

ஈரோட்டிலிருந்து எழுதியிருக்கும் தந்தைக்கு,

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பு முடித்த மகனுக்குச் சென்னையில் ஒரு தமிழ்ச் செய்தி சேனலில் வேலை கிடைத்திருக்கிறது. நீங்களோ பல வருடமாக டிவி கம்பெனிப் பங்குகளை வைத்துக்கொண்டு ஏற்றம் வராதா என்று பார்த்திருப்பவர். ‘போட்ட பணமே வளராத இடத்தில் பையனை எப்படி விடுவது?’ என்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் இரண்டு வேறு கணக்குகளை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள்.

சன் டிவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் பங்குச் சந்தைக்கு வந்த கம்பெனி. கடன் இல்லை, கையில் பணம் இருக்கிறது, ஐபிஎல் அணியும் இருக்கிறது. அப்படியும் சந்தை தயங்குகிறது என்றால், விளம்பரக் காசு செல்போன் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் காரணம். 2024-ல் இந்திய ஊடக வருமானத்தில் டிஜிட்டல் டிவியை முந்திவிட்டது. பங்கு வாங்குகிறவர் கேட்பது ‘அடுத்த வருடம் இன்னும் எவ்வளவு கூடும்?’ என்று. உங்கள் மகன் கேட்க வேண்டியது ‘ஒன்றாம் தேதி சம்பளம் வருமா, ரெண்டு வருடத்தில் என்ன கற்றுக்கொள்வேன்?’ என்று.

சரி, மகன் சேரப்போவது சன் மாதிரி கட்டணச் சேனலும் இல்லை. புதிய தலைமுறை, தந்தி, பாலிமர் போல இலவசச் சேனல். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தபோது கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட்டது. இலவசச் சேனல்களுக்கு விலை இல்லை. பார்க்கிறவருக்கு நல்லதுதான். சேனலுக்கோ சந்தா வருமானம் பூஜ்யம். பல சேனல்கள் கேபிளிலும் டிடிஎச்சிலும் நல்ல இடம் கிடைக்கத் தாங்களே பணம் கட்டுகின்றன. ஆக, வரவு என்று சொல்ல விளம்பரம் ஒன்றுதான். அதுவும் அசைந்துவிட்டால்? 2020 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை செய்தி சேனல்களுக்கு, விளம்பர விலை பேச உதவும் வாராந்தர ரேட்டிங்கே வெளியாகவில்லை. தராசு இல்லாமல் காய்கறி விற்ற கதைதான்.

இலவசம் என்றாலே நஷ்டம் என்றும் சொல்ல மாட்டேன். வடக்கே தூர்தர்ஷனின் மாதச் சந்தா இல்லாத டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷை நம்பியே தங்கல் போன்ற இந்திச் சேனல் வளர்ந்தது. ஸ்டார் உத்சவ், ஜீ அன்மோல் எல்லாம் 2019-ல் அதிலிருந்து வெளியேறி, 2020-ல் திரும்பி வந்து, 2022-ல் மறுபடி வெளியேறின. பெரிய கம்பெனிகளுக்கே அங்கே இருப்பதா போவதா என்று முடிவு வரவில்லை! ஆனால் அது இந்திக்காரர்களின் சந்தை. உங்கள் மகனுக்கு அதில் பெரிய லாபம் இல்லை. பிரிட்டனின் ஐடிவியைப் பாருங்கள். 1955-லிருந்து விளம்பரத்தில் வாழ்ந்த சேனல். இன்று ஏறக்குறைய பாதி வருமானம் மற்றவர்களுக்கும் நிகழ்ச்சி தயாரித்து விற்பதில் வருகிறது. விளம்பரம் தவிர விற்க வேறு என்ன இருக்கிறது என்பதுதான் இப்போது இலவசச் சேனலை எடைபோடும் கேள்வி. வேலைக்குப் போகிறவருக்கும் அதே கேள்விதான்.

அதனால் ஒரு வீட்டுப்பாடம். மகனை அந்தச் சேனல் முன்னால் ஒரு வாரம், மாலை ஏழு முதல் எட்டு வரை நோட்டும் பேனாவுமாக உட்காரச் சொல்லுங்கள். இடைவேளையில் வரும் ஒவ்வொரு விளம்பரத்தையும் எழுதட்டும். சோப்பு, நகைக்கடை, துணிக்கடை, அரசு விளம்பரம் என்று பல கைகளிலிருந்து வந்தால் நிம்மதி. ஒரே கட்டுமான நிறுவனம் திரும்பத் திரும்ப வந்தாலோ, பாதி நேரம் சேனலின் சொந்த நிகழ்ச்சி அறிவிப்பே ஓடினாலோ, நேரம் விற்கவில்லை என்று அர்த்தம். ஆண்டறிக்கை வெளியிடாத கம்பெனிக்கு இதைவிட நல்ல ஆண்டறிக்கை கிடையாது.

அப்புறம் வேலை ஆர்டரை முழுசாகப் படியுங்கள். பிஎஃப் பிடிக்கிறார்களா? சம்பளத் தேதி எது? மூன்று வருட பாண்ட் கேட்டால் வேண்டாம். என்னிடம் படித்த ஒரு பெண் சேர்ந்த சேனலில் தேர்தல் முடிந்த கையோடு ரெண்டு மாதச் சம்பளம் நின்றுபோனது. அவளுக்கு எடிட்டிங் கை வந்திருந்ததால் விளம்பரப் படம் எடுக்கும் இடத்துக்குத் தாவிவிட்டாள். கூடவே சேர்ந்து கேமரா முன் நிற்பதை மட்டும் பழகிய பையன் இன்னும் திரையில் முகம் தெரிய அலைகிறான்.

என் கருத்தைக் கேட்டால், நோட்டுக் கணக்கு சரியாக வந்தால் போகட்டும். செய்தி டெஸ்க்கில் ஒரு வருடம், யூடியூப் பிரிவில் ஒரு வருடம் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். உறவினர்கள் சொல்லும் வங்கித் தேர்வு எங்கும் ஓடிவிடாது. ஐபிபிஎஸ் அதிகாரி தேர்வுக்கு 30 வயது வரை நேரம் இருக்கிறது.

உங்கள் பங்குகளை வைப்பதா விற்பதா என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு உங்கள் புரோக்கரைத்தான் கேட்க வேண்டும், ஐயா. நானே 2017-ல் வாங்கி மாட்டிக்கொண்டவன்.