சட்டை கழன்ற பக்கங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத் தளத்தில் முகப்பு நன்றாக இருக்கிறது. உறுப்பினர் பக்கத்துக்குப் போனால் வெள்ளைத் தாளில் நீல லிங்க்குகள்தான் தெரிகின்றன. ஏன்?

பதில்: பக்கத்துக்கு நிறமும் வடிவமும் தரும் சட்டைதான் ஸ்டைல்ஷீட், அதாவது சிஎஸ்எஸ் ஃபைல். லிங்க்கில் அதன் பெயரை மட்டும் எழுதியிருப்பீர்கள். பிரௌசர் அதை அந்தந்தப் பக்கத்தின் ஃபோல்டரிலேயே தேடும். முகப்பில் கிடைத்துவிடும், உள்ளே போனால் 404, அதாவது ‘கிடைக்கவில்லை’. பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு (/) போடுங்கள், தளத்தின் வாசலிலிருந்து தேடும்.

கேள்வி: என் லேப்டாப்பில் சரியாக வருகிறது. சர்வரில் ஏற்றினால் எல்லாம் குலைகிறது.

பதில்: விண்டோஸ்தானே? அதற்கு ஃபைல் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. ஒரு பெரிய ‘எஸ்’ஸால் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்தவன் நான்.

கேள்வி: லாகின் பக்கம் மட்டும் அலங்கோலமாக இருக்கிறது. பிரௌசரின் டெவலப்பர் டூல்ஸில் உள்ள நெட்வொர்க் டேபில் சிஎஸ்எஸ்ஸுக்கு நேராக 200, அதாவது ‘சரி’ என்றுதான் காட்டுகிறது. பிறகென்ன கோளாறு?

பதில்: 200 என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஏதோ ஒன்று வந்தது என்பதற்குத்தான் அது சாட்சி, வந்தது சிஎஸ்எஸ்தான் என்பதற்கு அல்ல. அந்த வரியைச் சொடுக்கி, ரெஸ்பான்ஸில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எச்டிஎம்எல், அதாவது ஒரு முழுப் பக்கத்தின் குறியீடு இருந்தால் திருடன் அகப்பட்டான். ‘உறுப்பினர் அல்லாதவர் எதைக் கேட்டாலும் லாகின் பக்கத்தைக் கொடு’ என்று யாரோ விதி எழுதியிருக்கிறார்கள். பாவம், சிஎஸ்எஸ்ஸைக் கேட்டாலும் லாகின் பக்கத்தையே சர்வர் நீட்டுகிறது. ஸ்டைல்ஷீட் கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் வந்தால் பிரௌசர் ஏற்காது, பிழைச் செய்திகள் வரும் கன்சோல் டேபில் புலம்பும். உள்ளே நுழைந்தவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிவதால் நிர்வாகிகள் யாரும் இதைக் கவனிப்பதே இல்லை. சிஎஸ்எஸ், படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுங்கள்.

கேள்வி: எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிய நாளிலிருந்து தீம் போய்விட்டது.

பதில்: ஸ்டைல்ஷீட் லிங்க் இன்னும் பழைய எச்டிடிபி முகவரியில் இருக்கும். பாதுகாப்பான பக்கத்துக்குள் அதை பிரௌசர் விடாது. வேர்ட்பிரஸ் என்றால் பொது அமைப்புகளில் உள்ள இரண்டு முகவரிகளையும் மாற்றுங்கள். அப்புறம், தீமில் யாராவது கைப்பட எழுதிய முகவரி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

கேள்வி: புது நிறம் எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குப் பழையதே தெரிகிறது. எல்லாரையும் கண்ட்ரோல் எஃப்5 அழுத்திப் பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லவா?

பதில்: வேண்டாம். லிங்க்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் எண்ணும் சேருங்கள். புது முகவரி என்று நினைத்து பிரௌசர் கேச்சில் சேமித்திருக்கும் பழைய நகலை விட்டுவிட்டு மறுபடி இறக்கும்.

கேள்வி: நண்பரின் தளம் ஏப்ரல் 9 அன்று முழுக்க வெறும் எழுத்தாக இருந்தது. ஹேக் செய்துவிட்டார்களா?

பதில்: வருடத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே சிஎஸ்எஸ்ஸைக் கழற்றிவைக்கும் வழக்கம் 2006 முதல் இருக்கிறது, இப்போது அந்த நாள் ஏப்ரல் 9. 10ஆம் தேதி சட்டை திரும்பியிருக்குமே?