எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புவி வெப்பமாதல் குறித்த உங்கள் கட்டுரையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். என் மைத்துனர் உடனே ஒரு வரைபடத்தை அனுப்பிவைத்தார். 1998-க்கும் 2008-க்கும் இடையில் உலக வெப்பநிலை இறங்கியிருப்பதாக அது காட்டுகிறது. நாசாவின் எண்கள்தானாம். "பழைய எண்களையே திருத்துகிறவர்கள் சொல்வதை எப்படி நம்புவது?" என்றும் கேட்கிறார். நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். கணக்கு வரும், அறிவியல் வராது. யாரையும் நம்பாமல் என்னைப் போன்றவர்கள் சரிபார்க்க வழி உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மைத்துனர் அனுப்பிய படத்தில் பொய்யான எண் ஒன்றுகூட இருக்காது என்றே நினைக்கிறேன். கணக்கு வரும் என்கிறீர்கள் அல்லவா, மூல அட்டவணைக்கே போய்விடலாம்.

நாசாவின் கோடார்டு ஆய்வு நிறுவனம் 'ஜிஸ்டெம்ப்' என்ற அட்டவணையை இணையத்தில் வைத்திருக்கிறது. 1880 முதல் மாதவாரியாக எண்கள் இருக்கின்றன. காசு கிடையாது, எக்செல்லில் திறக்கும். திறந்ததும் 27 டிகிரி, 30 டிகிரி என்றெல்லாம் தேடாதீர்கள். அதில் இருப்பவை 1951 முதல் 1980 வரையிலான சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண்கள். வானிலை அறிக்கையில் 'இயல்பைவிட 2 டிகிரி அதிகம்' என்கிறார்களே, அதே கணக்குதான். மதுரையின் வெப்பநிலையையும் கொடைக்கானலின் வெப்பநிலையையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒன்றும் புரியாது. ஆனால் மதுரை தன் இயல்பிலிருந்து எவ்வளவு ஏறியது, கொடைக்கானல் தன் இயல்பிலிருந்து எவ்வளவு ஏறியது என்பதை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இப்போது 1998-ஆம் வரிசையில் ஆண்டுச் சராசரியைப் பாருங்கள். 0.61. பத்து வரிசை தள்ளி 2008: 0.54. இறங்கித்தான் இருக்கிறது. ஒரு வரிசை கீழே வந்து 1999-இலிருந்து தொடங்குங்கள்: 0.38. அங்கிருந்து 2008-க்கு வந்தால் ஏற்றம்! ஓர் ஆண்டு நகர்ந்ததற்கே முடிவு தலைகீழாகிவிடுகிறது. 1997-98இல் பசிபிக் கடலில் மிக வலுவான எல் நினோ, அதாவது கடல்நீர் இயல்பைவிடச் சூடாகி உலகையும் சூடேற்றும் நிலை. 2008 தொடங்கியதோ அதற்கு நேரெதிரான, குளிர்விக்கும் லா நினாவில். உச்சியில் ஆரம்பித்துப் பள்ளத்தில் முடித்தால் எந்தக் கணக்கும் இறங்குமுகமாகத்தான் தெரியும். 2008-க்குப் பிறகான வரிசைகள் அந்தப் படத்தில் ஏன் இல்லை என்பதையும் அட்டவணையே சொல்லும். 2016 சுமார் 1.01, 2023 சுமார் 1.17, 2024 சுமார் 1.28. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 2021. அது லா நினா ஆண்டு. குளிர்ந்த ஆண்டு என்று சொல்லப்பட்டது. அதன் எண் 0.85. அன்றைக்குச் சாதனை என்று பேசப்பட்ட 1998-ஐவிட இன்றைய 'குளிர்ந்த' ஆண்டு சூடாக இருக்கிறது.

தொடக்க ஆண்டை நீங்களும் தேர்ந்தெடுக்காதீர்கள், அவரையும் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். பத்துப் பத்து ஆண்டுகளாகச் சராசரி எடுங்கள். 1980களுக்கு ஏறத்தாழ 0.25, அடுத்த பத்துக்கு 0.38, பிறகு 0.59, 2010களுக்கு 0.81 வரும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், அவர் அடுத்து அதைத்தான் பிடிப்பார். 2024-க்கு உலக வானிலை அமைப்பு 1.55 டிகிரி என்றது, நாசா அட்டவணையிலோ 1.28 இருக்கிறது. இரண்டும் வேறு வேறு அடிப்படைச் சராசரியிலிருந்து அளக்கின்றன. முன்னது 1850 முதல் 1900 வரையிலான சராசரியிலிருந்து எண்ணுகிறது.

எண்களைத் திருத்துகிறார்கள் என்பதும் உண்மைதான். திருத்தாமல் விட்டால்தான் தவறு. அந்தக் காலத்துக் கப்பல்களில் கடல்நீரைக் கித்தான் வாளியில் முகந்து, மேல்தளத்துக்கு இழுத்து, அதற்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தார்கள். மேலே வந்து சேர்வதற்குள் ஈரக் கித்தானில் காற்றுப்பட்டு, மண்பானைத் தண்ணீர்போல நீர் குளிர்ந்துவிடும். பின்னாளில் இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரில் அளந்தார்கள். அது சற்றே கூடுதலாகக் காட்டும். இரண்டையும் அப்படியே ஒட்டவைத்தால் கடல் திடீரென்று சூடானதுபோலத் தெரியும். எனவே பழைய வாளி அளவுகளை உயர்த்தினார்கள். நிலத்து அளவுகளில் மட்டும் பார்த்தால், திருத்தங்கள் வெப்ப ஏற்றத்தைச் சற்றுக் கூட்டத்தான் செய்கின்றன. கடலையும் சேர்த்துப் பார்க்கும்போது, நூறாண்டு ஏற்றம் திருத்தத்துக்குப் பிறகு குறைகிறது. பொய்க்கணக்கு எழுதுகிறவர்கள் தங்கள் வாதத்துக்கே எதிராகத் திருத்துவார்களா என்று அவரைக் கேளுங்கள். திருத்தும் கணினி நிரலையும் நாசா வெளியிட்டிருக்கிறது.

இதே சந்தேகத்தோடு ரிச்சர்ட் முல்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 'பெர்க்லி எர்த்' குழுவைத் தொடங்கி, மூல அளவுகளிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டார். எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் அதற்கு நிதி தந்தது. 2012-இல் வெப்பம் ஏறுவது மெய், காரணம் மனிதர்களே என்று முல்லர் பகிரங்கமாக எழுதினார். அவர்களுடைய எண்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. நாசாவின் கோட்டின்மேல் போட்டுப் பாருங்கள்.

அறிவியல் வராது என்று நீங்கள் தயங்குவதைத்தான் நான் ஏற்கவில்லை. 1938-இல் கை கேலண்டர் என்ற ஆங்கிலேயர் 147 நிலையங்களின் அளவுகளை வைத்து உலகம் சூடேறுகிறது என்று காட்டினார். தொழிலால் அவர் நீராவிப் பொறியாளர். கணினி இல்லாத காலம், எல்லாம் கையால் போட்ட கணக்கு. அவர் சொன்னதை அன்றைய வானிலை வல்லுநர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் மாவட்டத்தைப் பார்க்க விரும்பினால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகத் தளத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்த தரவுகள் இருக்கின்றன. மழை 1901 முதல், வெப்பநிலை 1951 முதல். மழைக் கட்டங்கள் சிறியவை, அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் கால் டிகிரி. வெப்பநிலைக் கட்டம் ஒரு டிகிரி, அதாவது ஏறக்குறைய 110 கிலோமீட்டர். உங்கள் ஊர் பக்கத்து மாவட்டத்தோடு ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். கோப்பைத் திறக்கக் கொஞ்சம் நிரல் எழுத வேண்டியிருக்கும், வீட்டில் கல்லூரிப் பிள்ளை யாராவது இருந்தால் பிடித்து உட்காரவையுங்கள். ஓர் ஊரின் வெப்பநிலை ஆண்டுக்கு ஆண்டு உலகச் சராசரியைவிட அதிகமாகத் துள்ளும். இரண்டு மூன்று ஆண்டுகளை வைத்து எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

நாசா அட்டவணை மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. தாமதமாக வந்து சேரும் நிலைய அறிக்கைகளால் பழைய எண்களும் ஒரு டிகிரியின் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு மாறும். நான் மேலே கொடுத்தவையும் அப்படி மாறியிருக்கலாம். பதிவிறக்கும் தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள், குழுவில் சண்டை வந்தால் உதவும்.