மோல் கணக்கு படித்தால் புரிகிறது, தனியாகப் போட்டால் தப்பாகிறது: எப்படிப் பயிற்சி செய்வது?

"தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டுப் போட்டால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் நான் விழுந்ததும் இதே இடத்தில்தான். இப்போது மாலை வேளையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களும் வரிசையாக இங்கேதான் வந்து விழுகிறார்கள்.

எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, "மற்றதெல்லாம் இதே மாதிரிதான்" என்றார். நான் அந்த 'மாதிரி'யை மனப்பாடம் செய்தேன். மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்து, பக்கத்தில் இருப்பதால் பெருக்க வேண்டும். தேர்வில் மேலே இருந்தது கீழே வந்துவிட்டது. அவ்வளவுதான்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றினார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் என்றால் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பீடிக்கடையில் இலையையும் தூளையும் நிறுத்துத் தருவார்கள். திருப்பி வாங்கும்போது நிறுக்க மாட்டார்கள், எண்ணித்தான் வாங்குவார்கள். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. போவது எடையில், வருவது எண்ணிக்கையில். கொடுத்த இலை, தூள், வாங்கிய பீடி எல்லாம் ஒரு பாஸ்புத்தகத்தில் பதிவாகும்.

ஒரு நாள் இரவு இலை தீர்ந்துவிட்டது, தூள் மிச்சம் கிடந்தது. "தூள்தான் இருக்கிறதே அம்மா, இன்னும் இரண்டு கட்டு சுற்றலாமே?" என்று கேட்டேன். "ஏட்டி, தூளைக் காற்றிலா வைத்துச் சுற்றுவது? இலை எத்தனையோ அத்தனைதான் பீடி" என்று சுளகைத் தட்டி வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பாடப்புத்தகம் 'வினைக்கட்டுப்பாட்டுக் காரணி' என்று அரைப் பக்கம் எழுதுவது இதைத்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கிவிடவில்லை. திட்டு வாங்கியதுதான் மிச்சம். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால், பாஸ்புத்தகத்தில் அம்மாவுக்காகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோதுதான், வேதியியல் நோட்டிலும் இப்படியே கோடு போட்டால் என்ன என்று தோன்றியது. என் பயிற்சி முறை முழுவதும் அந்தக் கோட்டிலிருந்து வந்ததுதான்.

முதலில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்கள் எண்ணிக்கை, எடை அல்ல. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறு. மூலக்கூறை உட்கார்ந்து எண்ண முடியாது என்பதால் 6.022 × 10²³ என்ற ஒரு பெரிய கட்டாகக் கட்டி, அதற்கு மோல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேள்வி கிராமில் வரும், விடையும் கிராமில் கேட்பார்கள். நடுவில் நீங்கள் எண்ணிக்கைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். கிராமையும் கிராமையும் நேராக ஒப்பிட்டால் கணக்கு அங்கேயே கெட்டது. (இந்தத் துறைக்கு ஸ்டாய்க்கியோமெட்ரி என்று 1792-ல் பெயர் வைத்த ஜெர்மானியர் எரேமியாஸ் பெஞ்சமின் ரிக்டர், மோல் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், எந்த அமிலம் எவ்வளவு எடைக்கு எந்தக் காரம் எவ்வளவு எடை என்று எடைகளோடே மல்லுக்கட்டினார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை.)

இப்போது ஒரு கணக்கு. 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் இருக்கின்றன. எவ்வளவு நீர் கிடைக்கும்? பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேர், "ஹைட்ரஜன்தான் குறைவு, அதுதான் முதலில் தீரும்" என்பார்கள். மோலாக்கிப் பாருங்கள். ஒரு மோலின் எடைக்கு மோலார் நிறை என்று பெயர்: ஹைட்ரஜன் வாயுவுக்கு 2 கிராம், ஆக்சிஜனுக்கு 32, நீருக்கு 18. ஹைட்ரஜன் 10-ஐ 2-ஆல் வகுத்தால் 5 மோல். ஆக்சிஜன் 64-ஐ 32-ஆல் வகுத்தால் 2 மோல். இனி பாஸ்புத்தகம்:

இருப்பு: ஹைட்ரஜன் 5, ஆக்சிஜன் 2, நீர் 0
செலவும் வரவும்: ஹைட்ரஜன் 4 போனது, ஆக்சிஜன் 2 போனது, நீர் 4 வந்தது
மிச்சம்: ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 0, நீர் 4

எல்லாம் மோலில். தீர்ந்தது ஆக்சிஜன். எடையில் அதிகமாக இருந்தது எதுவோ, அதுதான் தீர்ந்தது. 4 மோல் நீர் என்றால் 72 கிராம். மிஞ்சிய ஹைட்ரஜன் 2 கிராம். 72-ம் 2-ம் 74. தொடக்கத்தில் 10-ம் 64-ம் 74. கணக்கு நேராகிவிட்டது. இந்தக் கடைசிக் கூட்டலை ஒருநாளும் விடாதீர்கள். விடைப் பக்கத்தைப் புரட்டாமலே நம் விடையைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உடனே சிலர் "அப்படியானால் மோலில் குறைந்ததுதான் தீரும்" என்று அடுத்த பள்ளத்தில் இறங்குவார்கள். அவர்களுக்கு இன்னொன்று: 56 கிராம் நைட்ரஜன், 10 கிராம் ஹைட்ரஜன், அம்மோனியா வர வேண்டும். ஒரு நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன், வருவது இரண்டு அம்மோனியா. மோலார் நிறை நைட்ரஜனுக்கு 28, அம்மோனியாவுக்கு 17. கையில் இருப்பது நைட்ரஜன் 2 மோல், ஹைட்ரஜன் 5 மோல். 2 மோல் நைட்ரஜனுக்கு 6 மோல் ஹைட்ரஜன் வேண்டுமே, 5 தானே இருக்கிறது? ஆக, மோலில் கூடுதலாக இருந்தும் ஹைட்ரஜன்தான் தீருகிறது. அம்மோனியா 10/3 மோல், சுமார் 56.67 கிராம். மிஞ்சும் நைட்ரஜன் 1/3 மோல், 9.33 கிராம். இரண்டும் சேர்ந்தால் 66. சரி. எது குறைவு என்ற கேள்வியே தப்பு. எது தேவைக்குக் குறைவு என்று கேளுங்கள்.

இதில் 10/3-ஐ நான் 3.33 என்று உடைக்காமல் கடைசிவரை பின்னமாகவே வைத்திருந்ததைக் கவனியுங்கள். நீட் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. பின்னத்தோடு பழகினால் பாதி அடித்துக்கொண்டு போய்விடும்.

பயிற்சி என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது கணக்கு போடு என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரே ஒரு சமன்பாட்டை எடுத்து ஒரு வாரம் வைத்து முறுக்குங்கள். எனக்குப் பிடித்தது சுண்ணாம்பு. தாழையூத்துப் பக்கம் சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். அதைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு வருகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 100 கிராம் கல்லுக்கு 56 கிராம் சுண்ணாம்பு, 44 கிராம் வாயு. எண்கள் இவ்வளவு சுத்தமாக வருவதால் கவனம் முழுவதும் முறையின் மேல் இருக்கும்.

திங்கட்கிழமை கல்லைக் கொடுத்துச் சுண்ணாம்பைக் கேளுங்கள். செவ்வாய் சுண்ணாம்பைக் கொடுத்துக் கல்லைக் கேளுங்கள். புதன் வாயுவின் கன அளவைக் கேளுங்கள்: 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர். அடுத்து சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விடுங்கள். 56 கிராமுக்கு 18 கிராம் நீர், கிடைப்பது 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. (நோட்டில்தான் 18. நிஜத்தில் சுண்ணாம்பு நீற்றும்போது வெப்பம் கிளம்பிப் பாதித் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், அதனால் தாராளமாக ஊற்றுவார்கள். கூடுதலாக இருக்கும் வினைபடு பொருளுக்கு இது நல்ல உதாரணம். கண்ணில் தெறித்துவிடும், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) பொங்கலுக்கு அதைச் சுவரில் அடிக்கிறோம். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்து மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. 74-ம் 44-ம் சேர்ந்து 100 கிராம் கார்பனேட், 18 கிராம் நீர். கல்லாகக் கிளம்பியது கல்லாகவே சுவரில் வந்து உட்காருகிறது. இந்த வட்டத்தில் எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் நீங்களே கேள்வி தயாரிக்கலாம். கேள்வி தயாரிக்கத் தெரிந்த பிள்ளை அதே கேள்வியில் தடுமாறி நான் பார்த்ததில்லை.

இதற்குள்ளேயே சதவீதத்தையும் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு சதவீதங்கள் உண்டு, இரண்டையும் குழப்பாத பிள்ளை அபூர்வம். பீடிக்கடையில் தரும் இலைக் கட்டில் ஓட்டை இலையும் கிழிந்த இலையும் கிடக்கும். எடை சரியாக இருந்தாலும் சுற்ற ஆகிற இலை குறைவு. இது தூய்மைச் சதவீதம், கணக்கின் வாசலிலேயே கழிக்க வேண்டியது. சுற்றிக் கொண்டுபோன பிறகு கடையில் பார்த்து, தளர்ந்தது, கோணியது என்று சிலதைக் கழித்துவிடுவார்கள். அம்மா அதை நினைத்து வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வருவார்கள். இது விளைச்சல் சதவீதம், கணக்கின் கடைசியில் கழிவது. 80 சதவீதம் தூய்மையான சுண்ணாம்புக்கல் 125 கிராம், விளைச்சல் 90 சதவீதம் என்றால்: வாசலில் 125 என்பது 100 ஆகிறது. வினையில் 56. கடைசியில் 50.4 கிராம்.

உவமை இங்கேயே நிற்கட்டும். பீடிக்குப் பீடி தூள் கூடும் குறையும். மூலக்கூறுக்கு அந்தச் சலுகை இல்லை. தூள் வாசனையில் வளர்ந்தவள் என்பதால் அந்தத் தொழிலைப் புகழவும் எனக்கு மனம் இல்லை.

தப்பு நோட்டு ஒன்று வையுங்கள். விடை தப்பானால் முழுக் கணக்கையும் திரும்ப எழுத வேண்டாம், எந்த வரியில் சறுக்கியது என்று ஒரே வரி. என் பழைய நோட்டில் திரும்பத் திரும்ப வந்தவை நாலைந்துதான். சமன்படுத்தாத சமன்பாட்டிலேயே கணக்கைத் தொடங்கியது. ஹைட்ரஜன் வாயுவுக்கு 2 போட வேண்டிய இடத்தில் 1 போட்டது. நீருக்கு முன்னால் 2 இருக்கிறதே என்று மோலார் நிறையை 36 என எடுத்து, அடுத்த வரியில் மறுபடி 2-ஆல் பெருக்கியது. திரவ நீருக்கு 22.4 லிட்டரைப் போட்டது (18 கிராம் நீர் 18 மில்லிலிட்டர்தான், ஒரு சிறு டம்ளர்கூட நிரம்பாது). இவற்றில் பாதி, எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் பொருளின் பெயரையும் எழுதாததால் வந்தவை. "5" என்று எழுதாதீர்கள். "5 மோல் ஹைட்ரஜன்" என்று எழுதுங்கள். கை வலிக்கும், வலிக்கட்டும்.

வேகத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், தானாக வரும். அம்மாவும் முதல் ஆயிரத்தைச் சுற்ற மூன்று நாள் எடுத்ததாகத்தான் சொல்வார்கள்.

இன்றைக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க 37 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு வேண்டும். 80 சதவீதம் தூய்மையான சுண்ணாம்புக்கல் எத்தனை கிலோ சுட வேண்டும்? விளைச்சலில் இழப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 62.5 கிலோ. உங்களுக்கு 40 வந்திருந்தால், 80 சதவீதத்தால் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள். 50 வந்திருந்தால், ஓட்டை இலையையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள்.