செல் சவ்வைத் தாக்கும் ஆன்டிபயாடிக்குகள்: கேள்வி பதில்

மைக்ரோபயாலஜி மாணவி: சார், கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் சவ்வில் "ஓட்டை போடும்" என்று மட்டும் படித்திருக்கிறோம். எப்படிப் போடுகிறது?

ஓட்டைக்கு முன்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும், அம்மா. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவுக்குப் புறச்சவ்வு, உட்சவ்வு என இரண்டு சவ்வுகள் உண்டு. புறச்சவ்வில், வெளிப்பக்கம் முழுக்க லிப்போபாலிசாக்கரைடு (கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு) நெருக்கமாக அடுக்கியிருக்கும். அதன் அடிப்பகுதியான லிப்பிட் ஏ-யில் உள்ள பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். கால்சியம், மெக்னீசியம் அயனிகள்தான் செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி நின்று அவற்றைப் பிடித்துவைக்கின்றன. கொலிஸ்டினில் ஐந்து நேர்மின்னூட்டங்கள் உண்டு. அது அயனிகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது, பிறகு தன் கொழுப்பு அமில வாலைச் சவ்வுக்குள் செருகுகிறது. புறச்சவ்வு தளர்ந்ததும் மருந்து உள்ளே நுழைகிறது. உட்சவ்வும் குலைந்தால்தான் பாக்டீரியா சாகும்.

மருந்தியல் மாணவர்: மனிதச் செல்லுக்கும் சவ்வு இருக்கிறதே, அது ஏன் தப்புகிறது?

முழுக்கத் தப்புவதில்லை. நம் செல் சவ்வின் வெளிப்பக்கத்தில் மின்னூட்டம் சமன்பட்ட கொழுப்புகளும் கொலஸ்ட்ராலும்தான் அதிகம், லிப்போபாலிசாக்கரைடு கிடையாது. ஆனால் சிறுநீரகக் குழாய்ச் செல்கள் கொலிஸ்டினைத் திரும்ப உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை விடாமல் பார்ப்பது அதனால்தான். சவ்வைத் தாக்கும் இன்னொரு ஆன்டிபயாடிக்கான கிராமிசிடின் இந்த அளவுக்குக்கூட வேறுபாடு பார்க்காது, ஆகவே வெளிப்பூச்சோடு சரி.

லேப் டெக்னீஷியன்: கிருமி பூசிய அகாரில் கொலிஸ்டின் டிஸ்க் வைத்தால் சுற்றிலும் கிருமி வளராத ஸோன் வருகிறது. ரிப்போர்ட் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஏறத்தாழ 1,155 டால்டன் எடையுள்ள மூலக்கூறு அது. அகாரில் சரியாகப் பரவாது. எதிர்ப்புள்ள கிருமிக்கும் இல்லாததற்கும் ஸோன் பெரிதாக மாறாது. அகார்மேல் வைக்கும் மருந்து ஸ்ட்ரிப்பையும் நம்ப வேண்டாம். பிராத் மைக்ரோடைல்யூஷன் செய்யுங்கள், அதாவது தட்டின் குழிகளில் திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியான அளவுகளில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பாருங்கள்.

முல்லர்-ஹின்டன் பிராத்தில் லிட்டருக்குக் கால்சியம் 20–25 மில்லிகிராம், மெக்னீசியம் 10–12.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். கூடினால் மருந்தோடு போட்டி போட்டு எம்ஐசி-யை (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) பொய்யாக ஏற்றிவிடும். கொலிஸ்டின் சல்பேட் பொடியையே எடுங்கள். ஊசியில் போடும் கொலிஸ்டிமெத்தேட் மெதுவாகத்தான் கொலிஸ்டினாக மாறும், டெஸ்ட்டுக்கு உதவாது. தட்டு சாதாரண பாலிஸ்டைரீனாக இருக்கட்டும். பாலிசார்பேட்-80 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்க்க வேண்டாம். கிருமி மில்லிலிட்டருக்கு 5 லட்சம், 35 டிகிரி, 16–20 மணி நேரம்.

கன்ட்ரோல் இரண்டு வையுங்கள்: ஏடிசிசி 25922 இ. கோலை என்ற வகையின் எம்ஐசி லிட்டருக்கு 0.25–2 மில்லிகிராமுக்குள் வர வேண்டும், எம்சிஆர்-1 என்ற எதிர்ப்பு ஜீன் உள்ள என்சிடிசி 13846 இ. கோலை நாலை ஒட்டி வர வேண்டும். முதலாவது மட்டும் சரியாக வந்தால், எதிர்ப்பைக் கண்டுபிடிக்க உங்கள் தட்டுக்குத் தெரியும் என்று அர்த்தமாகாது. நடுவில் ஒரு குழி தெளிந்து அடுத்த குழியில் வளர்ச்சி இருந்தால் வேறு கிருமி கலந்ததையும் கலப்பு எதிர்ப்பையும் (ஒரே கிருமிக் கூட்டத்தில் சிலவற்றுக்கு மட்டும் எதிர்ப்பு) சந்தேகித்து மறுபடி செய்யுங்கள்.

முதுகலை மருத்துவர்: சவ்வையே தாக்கும் மருந்துக்கு எதிர்ப்பு வராது என்றார்களே?

வருகிறது. கிராம்-நெகட்டிவ் கிருமிகள் சவ்வின் மின்னூட்டத்தை மாற்றிவிடுகின்றன. லிப்பிட் ஏ-யின் பாஸ்பேட்டில் அமினோஅராபினோஸையோ பாஸ்போஎத்தனாலமைனையோ ஒட்டினால் எதிர்மின்னூட்டம் குறையும். கொலிஸ்டினுக்குப் பிடி கிடைக்காது. கிளெப்சியெல்லாவில் எம்ஜிஆர்பி என்ற சிறு ஜீன் பழுதாவதே போதும், இந்த ஒட்டும் வேலைக்குப் போட்ட பிரேக் கழன்றுவிடும். அசினெட்டோபாக்டரில் சில வகைகள் லிப்போபாலிசாக்கரைடையே கைவிட்டுவிடும்.

இவை குரோமோசோம் மாற்றங்கள். 2015-இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட எம்சிஆர்-1 ஜீன் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையம்) இருப்பது. பாஸ்போஎத்தனாலமைன் ஒட்டும் நொதிக்கான இந்த ஜீனை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடலாம். புரோட்டியஸ், செராஷியா இரண்டுக்கும் இயல்பிலேயே எதிர்ப்பு உண்டு. எனவே கிருமி எது என்று முதலில் உறுதி செய்யுங்கள், எம்ஐசி பிறகு.

இன்னொரு மருத்துவர்: சவ்வைத் தாக்கும் இன்னொரு மருந்தான டாப்டோமைசினும் இதே கதையா?

இலக்கு வேறு. கிராம்-பாசிட்டிவ் சவ்வின் பாஸ்பாட்டிடைல்கிளிசரால்தான் அதன் பிடி, அதற்குக் கால்சியம் தேவை (கொலிஸ்டினுக்கு நேர் எதிர்). டெஸ்ட் பிராத்தில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். குறைந்தால் எதிர்ப்பு இருப்பதாகத் தோன்றும். ஸ்டாஃபைலோகாக்கஸ் எம்பிஆர்எஃப் ஜீன் மாற்றத்தால் சவ்வில் லைசின் ஏற்றிய கொழுப்பைக் கூட்டித் தப்பிக்கலாம். நுரையீரல் சர்ஃபாக்டன்ட் இந்த மருந்தைப் பிடித்துவைத்துவிடும், நிமோனியாவுக்குக் கொடுக்க வேண்டாம்.

ஐசியு செவிலியர்: ஒரு கொலிஸ்டின் மருந்துக் குப்பியில் மில்லிகிராம், இன்னொன்றில் யூனிட். எப்படி மாற்றுவது?

10 லட்சம் யூனிட் என்பது 80 மில்லிகிராம் கொலிஸ்டிமெத்தேட். கொலிஸ்டின் அடிப்படைக் கணக்கில் ஏறத்தாழ 33 மில்லிகிராம். இரண்டு மில்லிகிராமும் ஒன்றல்ல. குழப்பினால் டோஸ் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும் அல்லது பாதிக்குக் கீழ் இறங்கும். லேபிளில் எந்த மில்லிகிராம் என்று பாருங்கள் சிஸ்டர். ஆர்டரில் அது எழுதியில்லை என்றால் ஊசி போடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.