‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பாளையங்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு தனியார் கல்லூரியில் 14 ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். வயது 43. சேரன்மகாதேவியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகிறேன். 6 ஆண்டுகளுக்கு முன்பு, பணி ஓய்வு பெற்ற மூத்த நூலகர் ஒருவர் (எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி) என்னை நூலகர்களுக்கான ஒரு சங்கத்தில் சேர்த்துவிட்டார். தேர்வறைக் கண்காணிப்புக்கு ஆள் குறையும்போது மட்டும் கல்லூரிக்கு நினைவு வருகிற என்னிடம், நூல் பகுப்பாக்கம் பற்றி ஒருவர் மதித்து ஐயம் கேட்டது அந்தச் சங்கத்தில்தான்.

முதலில் பயிற்சிப் பட்டறைக் குழு, பிறகு மலர்க் குழு, இப்போது உறுப்பினர் சேர்க்கைக் குழு. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பெயர்கள் அச்சாகின்றன. ஆனால் கட்டுரைகளைப் பிழை திருத்துவதும், சான்றிதழ்களில் பெயர் எழுதுவதும், சந்தா ரசீது போடுவதும், கூட்டக் குறிப்பு எழுதுவதும் நான்தான். ஆனித் தேரோட்டத்தில் வடத்தைத் தொட்டுக் கும்பிட ஆயிரம் பேர் வருவார்கள். சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்கள் சிலர்தான். எங்கள் தேருக்கு நான் ஒருத்தி. பட்டறையில் நூலகப் பணிகளைக் கணினியில் செய்ய உதவும் கோஹா மென்பொருளைக் கற்றுக்கொடுத்தபோது, தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் நூலகத்துக்கு வரும் நூல்களைப் பதியும் வரவுப் பதிவேட்டையே சுமந்துகொண்டு வந்திருந்தாள். அந்த ஒரு மாலையை நினைத்தால் இன்றும் நிறைவாக இருக்கிறது.

சென்ற ஆகஸ்ட் 12, நூலகர் தின விழா நன்றியுரையில் பந்தல் போட்டவர் பெயர் வரை வாசித்தார்கள். என் பெயர் விட்டுப்போயிற்று. அற்பம் என்று தெரிந்தும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. இப்போது வாட்ஸ்அப் ஒலித்தாலே நெஞ்சு படபடக்கிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளோடு உட்கார நேரமில்லை. போன வாரம் நூல் கேட்டு வந்த மாணவனிடம் காரணமின்றிச் சீறினேன். எல்லாவற்றிலிருந்தும் ஒரே கடிதத்தில் விலகிவிடலாமா? அண்ணாச்சி என்னை நன்றி கெட்டவள் என்று நினைக்கமாட்டாரா?

ஒரு நூலகர்

அன்புள்ள சகோதரிக்கு,

‘அற்பம்’ என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். ஊதியமில்லாத உழைப்பில் பெயர் சொல்லப்படுவதுதான் கைக்கு வருகிற ஒரே கூலி. அது விட்டுப்போனால் வலிக்கத்தான் செய்யும்.

பணிச்சோர்வு என்று இன்று நாம் சொல்வதை 1974-இல் முதன்முதலாக விரித்தெழுதிய உளவியலாளர்களுள் ஒருவரான ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், அதை நியூயார்க்கின் இலவச மருத்துவ மையம் ஒன்றில் விரும்பி உழைத்தவர்களிடமும் தம்மிடமும்தான் கண்டார். ஈடுபாடு மிகுந்தவர்களையே அது எளிதில் பிடிக்கிறது என்பது அவர் கருத்து. உடல் அசதியோடு, தாம் யாருக்காக உழைக்க வந்தோமோ அவர்கள்மீதே எரிச்சல் வருவதும் அதன் அறிகுறி. நீங்கள் சீறிய அந்த மாணவனைப் பற்றிய வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது.

கல்லூரியில் கிடைக்காத மதிப்பு சங்கத்தில் கிடைத்தது. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் மதிப்புக்காக வந்தவரால் எளிதில் மறுக்க முடிவதில்லை. ஒவ்வொரு புதிய குழுவையும், ஏற்காவிட்டால் பழைய இடமும் போய்விடுமோ என்ற அச்சத்தோடு நீங்கள் ஏற்றிருப்பதாகத் தோன்றுகிறது. இன்னொன்றையும் சொல்கிறேன், வருந்தாதீர்கள். மற்ற ஏழு பேரிடம் ஒரு வேலையைக் கொடுத்து அவர்கள் மறுத்ததாக உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. நாமே செய்தால் ஒரு மணி நேரம், சொல்லிக்கொடுத்தால் மூன்று மணி நேரம் என்று கணக்குப் பார்த்தே எல்லாவற்றையும் சுமக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். (நானும் அப்படி இருந்தவள்தான்.)

ஒரே கடிதத்தில் விலகுவது இப்போது வேண்டாம்; இது கோபம் எழுதும் கடிதமாகிவிடும். இந்திய நூலகவியலின் முன்னோடியான எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்தவர்; 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சில நாள்களிலேயே சலிப்புத் தாங்காமல் பழைய வேலைக்குத் திரும்ப விரும்பியது உங்களுக்குத் தெரியாத கதை அன்று. லண்டனில் நூலகவியல் படித்துவிட்டு வரட்டும், அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்ற ஏற்பாட்டில் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. அவர் திரும்பவில்லை. 1928-இல் உருவான சென்னை நூலகச் சங்கத்துக்கும், 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்துக்கும் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. நீங்களும் அடுத்த பொதுக்குழுக் கூட்டம் வரை என்று தவணை வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பட்டறைக் குழு ஒன்றில் மட்டும் இருங்கள். மூன்று குழுக்களைப் பற்றி எழுதினீர்கள். அவற்றுள் பட்டறையைச் சொன்ன இடத்தில் மட்டும்தான் ஒரு மனிதர் வருகிறார், பதிவேட்டோடு வந்த அந்தப் பெண்.

ரசீதுப் புத்தகத்தை முதலில் ஒப்படையுங்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, தொகை எவ்வளவு என்று எழுதிப் பொருளாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். பணம் கைமாறியதும் படபடப்பில் ஒரு பகுதி தானாகவே குறைவதைக் காண்பீர்கள். மலர் வேலையைக் கட்டுரை பெறுதல், திருத்தம், அச்சகம் என்று பிரித்து, இன்னார் என்று பெயர் குறித்துக் கேளுங்கள். குழுவில் பொதுவாகப் பதிவிட்டால் கட்டைவிரல் படங்கள்தான் வரும்.

அண்ணாச்சியிடம் வாட்ஸ்அப்பில் பேச வேண்டாம். வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். “அண்ணாச்சி, நீங்கள் காட்டிய இடம் இது, இதை விட்டுப் போகமாட்டேன், மகளுக்கு மார்ச்சில் தேர்வு, பட்டறையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்” என்றால் போதும். காரணங்களை அடுக்கினால் அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி சொல்வார், நீங்கள் நான்காவது குழுவோடு திரும்பி வருவீர்கள்.

இன்னும் இரண்டு வாரம் தூக்கம் சரியாகாவிட்டால், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அந்த மாணவன் கேட்ட நூல் எதுவென்று நினைவிருந்தால், எடுத்து மேசையில் வைத்திருங்கள்.