டான்ஃபோர்த்துக்குப் பசியோட போங்கோ, தங்கச்சி

கனடாவுக்கு வந்து ஐந்து மாசம், வேலையிடத்து ஆக்கள் சனிக்கிழமை இரவு ரொறன்ரோவில கிரேக்கர் தெருவான டான்ஃபோர்த்தில பாட்டும் ஆட்டமும் இருக்கிற கிரேக்கக் கடைக்குக் கூப்பிடினம், நான் சைவம், குடிக்கிறதும் இல்லை, போகாமல் விட்டால் குறை நினைப்பினமோ எண்டு கேட்டிருந்தீங்கள். குறை நினைக்க மாட்டினம். எண்டாலும் போங்கோ. அது சாப்பிட்டு எழும்புற கடை இல்லை, கலியாண வீட்டு முதல்நாள் இரவு மாதிரி. தெரியாத சனமும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

ஸ்காபரோவில இருந்து போறது சுகம். கெனடி ஸ்டேசனில சப்வே ஏறினால் மாறத் தேவையில்லை, பேப் ஸ்டேசனில இறங்கலாம். தெருப்பலகையில கிரேக்க எழுத்தும் இருக்கும். 1950, 60களில வந்த கிரேக்கச் சனம் கடை போட்டு ஊன்றின இடம் அது.

நேரத்தை முதலே கேட்டு வையுங்கோ. நானும் இவரும் பிள்ளைகளோட முதல்தரம் போனது ஆறு மணிக்கு. கடை வெறிச்சோடிக் கிடந்தது, பாட்டுக்காரர் வயர் கொழுவிக்கொண்டு நிண்டவை. அவை தொடங்கேக்க ஒன்பது தாண்டிப் பிள்ளைகள் கதிரையிலயே நித்திரை.

இனிச் சாப்பாடு. ஆளுக்கொரு கோப்பை எண்டு இல்லை, சின்னச் சின்னத் தட்டுகளா நடுவில வரும், எல்லாரும் எடுக்கிறது. சைவக்காரருக்கு இது வசதிதான், ஆனால் ஒரு பொறி இருக்கு. நான் சைவம் எண்டு சொன்னதும் வயசான வெயிட்டர் முகம் மலர்ந்து, "நிஸ்திசிமோ!" எண்டார். விரதச் சாப்பாடாம். விரதம் எண்டால் எங்கட விரதம் மாதிரித்தானே எண்டு நானும் தலையாட்டினன். பெரிய வெள்ளைப் பயறு தக்காளிக் குழம்பில வந்தது, அருமை. பின்னால சுட்ட ஒக்டோபஸ் கால் ஒண்டு வந்தது! அவையின்ர விரதத்தில இறைச்சி, பால், முட்டை, மீன் கூடாது. ஒக்டோபஸ், கணவாய், இறாலுக்கு இரத்தம் இல்லை எண்ட கணக்கில அதுகள் கூடும். வெள்ளிக்கிழமை பிடிக்கிற என்ர அம்மாவுக்கு இண்டைக்கும் இந்தக் கதையைச் சொல்லேல்லை.

அதால "கடல் சாமானும் வேண்டாம்" எண்டு தனியாச் சொல்லுங்கோ. முசாகாவைப் பார்த்தால் கத்தரிக்காய் அடுக்கு, உள்ளுக்கு அரைச்ச இறைச்சி, மாடாயும் இருக்கும். ரோஸ் நிறத் தாராமா மீன்சினை. திராட்சை இலைச் சுருளுக்குள்ள இறைச்சி இருக்கோ எண்டு கேட்டுத்தான் எடுக்கவேணும். ஃபாவா எண்டு மஞ்சள் பருப்பு மசியல் ஒண்டு, மேல ஒலிவெண்ணெயும் பச்சை வெங்காயமும் போட்டு வரும், எங்கட பருப்புக்கறிக்கு ஒண்டுவிட்ட சகோதரம். பாணோட அதைச் சாப்பிட்டே வயிறு நிரப்பலாம். முட்டை தொடாட்டில், கீரை வைச்சுச் சுடுற பை (pie) இலயும் முட்டை இருக்கோ எண்டு கேளுங்கோ.

திடீரெண்டு பக்கத்து மேசையில நெருப்புப் பற்றி எல்லாரும் "ஓபா!" எண்டு கத்தினால் பயப்படாதேங்கோ. பொரிச்ச பாற்கட்டிக்கு பிராண்டி ஊத்திக் கொளுத்தித் தேசிக்காய் பிழியிறது. கிரேக்கத்தில இப்படிக் கொளுத்துறதில்லை, இது சிகாகோக் கிரேக்கர் தொடக்கின விளையாட்டு. கோப்பை உடைக்கிறதும் படத்தில பார்த்திருப்பீங்கள். அங்க 1969இல இராணுவ ஆட்சி தடை செய்தது, பிறகு பூ எறியிற வழக்கம் வந்தது. இங்க அனேகமா பேப்பர் நாப்கின்தான் பறக்கும்.

கை கோர்த்து வரிசையா ஆடேக்க இழுப்பினம், போங்கோ, காலடி தெரியத் தேவையில்லை. ஆனால் இசை கனமாகி ஒரு ஆள் மட்டும் நடுவில இறங்கிக் கையை விரிச்சு, விழப்போற மாதிரிச் சுத்தினால் அது செய்பேகிகோ. அந்த நேரம் உள்ளுக்குப் போகப்படாது. அது அந்த ஆளின்ர துக்கம், சுத்தி முழங்காலில இருந்து கைதட்டலாம், அவ்வளவுதான். தாளம் ஒன்பது எண்ணிக்கை, மிருதங்கம் படிச்ச என்ர மகன் உடன சங்கீர்ணம் எண்டான். 1922இல சிமிர்னா நகரம் எரிஞ்சு, இப்ப துருக்கியா இருக்கிற சின்ன ஆசியாவில இருந்து ஓடிவந்த கிரேக்கச் சனம் ஏதென்சுக்குப் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகச் சேரிகளில இந்தப் பாட்டுகளைப் பாடி வளர்த்தது. அந்த வயசான வெயிட்டர் ஒருநாள் நான் எங்கத்தையாள் எண்டு கேட்டார். சொன்னன். அவர் ஒண்டும் கதைக்கேல்லை, காசில்லாமல் ஒரு கோப்பி கொண்டு வந்து வைச்சார்.

குடிக்கிறேல்லை எண்டால் ஒருத்தரும் வற்புறுத்தாயினம். தண்ணி ஊத்தினதும் பால் மாதிரி வெளுக்கிற ஊசோ எண்ட கிரேக்கச் சாராயத்தை வேடிக்கை பாருங்கோ, போதும்.

செலவு விசயத்தில வெட்கப்படாதேங்கோ. பாட்டு இரவுகளில சில கடைகளில ஆளுக்கு இவ்வளவு எண்டு முதலே வைச்சிருப்பினம், கூப்பிட்டவரைக் கேளுங்கோ. மெனுவில போட்டிருக்கிற விலைக்கு மேல 13 வீதம் வரி. அதுக்கு மேல டிப்ஸ், 15 முதல் 20 வீதம். பெரிய கூட்டம் எண்டால் டிப்ஸைக் கடையே பில்லில சேர்க்கிறதும் உண்டு, பார்க்காமல் திரும்பக் குடுத்திட்டு வந்து அழுதவை இருக்கினம், நானும் ஒரு ஆள்.

கிரேக்கக் கோப்பியை அடிவரை குடிக்காதேங்கோ, கீழ முழுக்க மண்டி. சப்வே முடிஞ்சாலும் டான்ஃபோர்த் நீட்டுக்கு 300ஆம் இலக்க இரவு பஸ் ஓடும். குதி உயர்ந்த சப்பாத்து மட்டும் வேண்டாம்.