1, 2, 4, 8, 16: அடுத்து 32தானா?

"எண் வரிசை கொடுத்து அடுத்த எண் எது என்று கேட்டால் எனக்கு மட்டும் பிடிபடுவதே இல்லை. இதை எப்படிக் கற்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் பரவாயில்லை, சொல்லப்போவது இதைத்தான்.

முதலில் கைக்கு உதவுகிற வழி. பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசத்தைக் கீழே ஒரு வரியாக எழுதுங்கள். ஒன்றும் தெரியவில்லையா, அந்த வரிக்கும் வித்தியாசம் எடுங்கள். 2, 5, 10, 17, 26 என்றால் வித்தியாசம் 3, 5, 7, 9. அதற்கு வித்தியாசம் எல்லாமே 2. ஆக அடுத்து 11 கூட வேண்டும், விடை 37. முதல் வரியிலேயே ஒரே எண் வந்தால் அது கூட்டுத் தொடர்வரிசை. கழிப்பதற்குப் பதில் வகுத்துப் பார்த்து ஒரே எண் வந்தால் பெருக்குத் தொடர்வரிசை. மதிப்பெண் மட்டும் போதும் என்பவர்கள் இதோடு எழுந்து போகலாம்.

எனக்கு இந்தக் கேள்வியில் ஒரு பழைய காயம் இருக்கிறது. பள்ளியில் கணக்கு ஆசிரியர் பலகையில் 1, 2, 4, 8, 16 என்று எழுதி அடுத்தது என்ன என்றார். அவர் முடிப்பதற்குள் "32" என்று கத்தினேன். அவர் சிரித்துவிட்டு ஒரு வட்டம் போட்டார். வட்டத்தின் மேல் புள்ளிகள் வை, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோட்டால் இணை, உள்ளே எத்தனை துண்டு என்று எண்ணு. ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. "ஆறு புள்ளிக்கு நீங்களே போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் காம்பஸை எடுத்தேன். வட்டத்தின் ஆரத்தை அப்படியே வைத்துச் சுற்றி வந்தால் சரியாக ஆறு புள்ளி விழும் என்று தெரியும். ஸ்கேல் வைத்து எல்லாக் கோட்டையும் இழுத்தேன். எண்ணினால் 30. இன்னொரு முறை எண்ணினேன், அதே 30. பக்கத்தில் இருந்தவன் கையாலேயே கோணல்மாணலாக ஒன்று போட்டு 31 என்றான். எனக்கு வந்ததே கோபம்! "சார், அவன் கிறுக்கி வெச்சிருக்கான். நான் காம்பஸ் வெச்சுப் போட்டேன்."

ஆசிரியர் இரண்டையும் பார்த்தார். "உன் படம் அழகா இருக்கு. அதான் தப்பு" என்றவர், என் படத்தில் ஒரே ஒரு புள்ளியைச் சற்று நகர்த்தி மறுபடி இணைத்தார். நடுவில் மூன்று கோடுகள் சந்தித்த இடத்தில் பொடியாக ஒரு முக்கோணம் திறந்துகொண்டது. அதுதான் 31ஆவது துண்டு.

"எந்த மூன்று கோடும் உள்ளே ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது என்று நிபந்தனை உண்டே, அது தெரியாமல் என்ன கதை?" என்று யாராவது வருவீர்கள். நிபந்தனை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஏன் 31 என்பதை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். வெறும் வட்டம் ஒரு துண்டு. ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டும், கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடமும் இன்னொன்றைக் கூட்டும். ஆறு புள்ளிக்குக் கோடுகள் 15. எந்த நான்கு புள்ளியை எடுத்தாலும் அவற்றால் ஒரே ஒரு வெட்டு, அப்படி நான்கு நான்காக எடுக்க 15 வழி. 1 + 15 + 15 = 31. ஐந்து புள்ளிக்கு 1 + 10 + 5 = 16. இரட்டிப்பது போல நடித்துவிட்டு ஆறாவதில் காலை வாருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1, 2, 4, 8, 16க்கு மேலே சொன்ன வித்தியாச முறையைப் போட்டால் நான்காவது வரியில் ஒற்றை 1 மிஞ்சும். அது மாறாது என்று வைத்து மேலே ஏறினால் 3, 7, 15, கடைசியில் 31. கத்துவதற்கு முன் எழுதிப் பார்த்திருக்கலாம்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கணக்கு பிடிக்கும் என்று தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் பார்க்கும்போதெல்லாம் "38ஐ 17ஆல் பெருக்கு பார்ப்போம்" என்பார். நான் திணறினால் அவருக்கு அப்படி ஒரு திருப்தி. 646 என்று மனப்பாடமே ஆகிவிட்டது. கால்குலேட்டர் செய்கிற வேலைக்கும் கணக்குக்கும் என்ன உறவு என்று அவரிடம் இன்றுவரை கேட்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீல் ஸ்லோன் என்ற கணிதவியலாளர் 1964இல் மாணவராக இருந்தபோது எண் வரிசைகளைச் சேகரிக்கத் தொடங்கினார். 1996 முதல் அந்தத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது (OEIS என்று தேடினால் கிடைக்கும்), இப்போது மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள். அதில் 1, 2, 4, 8, 16 என்று தேடிப் பாருங்கள். ஒன்றல்ல, பல வரிசைகள் வந்து நிற்கும். தேர்வில் 32 என்றே எழுதுங்கள், அங்கே போய் வாதாடி மதிப்பெண்ணை விட வேண்டாம். வீட்டில் மட்டும் ஏழு புள்ளி வைத்து எண்ணிப் பாருங்கள். 57 வர வேண்டும். 56 வந்தால், ஒன்று எண்ணியதில் பிசகு, இல்லையென்றால் எங்கோ மூன்று கோடுகள் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.